வண்டியை உதைக்கச் சொல்லுங்கள்: சங்க மலருக்கு உறுப்பினர்களின் கதை சேகரிப்பது எப்படி

சங்கத்துக்கு இருபத்தைந்து வயது ஆகப்போகிறது, மலர் ஒன்று போடலாமே என்று பொதுக்குழுவில் யாராவது எழுந்து சொல்வார். எல்லோரும் கை தட்டுவார்கள். "சரி, உறுப்பினர்கள்கிட்ட கதை வாங்குற வேலைய யாரு பாக்குறது?" என்று கேட்டதும் ஆளாளுக்கு செல்போனைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். அந்த நேரத்தில் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவர் மாட்டிக்கொள்வார். வேலூரில் பழைய பைக், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்தில் நான் மாட்டிக்கொண்டது அப்படித்தான். நீங்களும் மாட்டியிருந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

என் முதல் தவறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப் குழுவில், "உறுப்பினர்கள் தங்கள் வாகன அனுபவங்களை 500 வார்த்தைகளுக்கு மிகாமல் எழுதி மாதக் கடைசிக்குள் அனுப்பவும்" என்று ஓர் அறிவிப்பு போட்டேன். அறுபது பேர் இருக்கும் குழுவிலிருந்து வந்தவை நான்கு. இரண்டு கட்டுரைகள் "இயந்திரமயமான இன்றைய உலகில்" என்றே தொடங்கின. ஒன்று தலைவரைப் பற்றிய கவிதை. நான்காவது, ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம்.

இன்ஜினைப் பிரித்து மேய்கிறவர்கள் பேனாவைக் கண்டால் பயப்படுகிறார்கள். அதே ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை காலை கோட்டை எதிரே டீக்கடையில் நின்றுகொண்டு, ஜவ்வாது மலையில் செயின் அறுந்த கதையை முக்கால் மணி நேரம் சொல்வார்கள். ஆகவே எழுதி அனுப்பச் சொல்லாதீர்கள். நீங்கள் போய்க் கேளுங்கள், பதிவு செய்யுங்கள், நீங்களே எழுதுங்கள்.

யாரிடம் முதலில் போவது

உறுப்பினர் பட்டியலை எடுத்து வயது வாரியாக மாற்றி எழுதுங்கள். பதவி வாரியாக வேண்டாம். தலைவரும் செயலாளரும் எங்கும் போய்விட மாட்டார்கள். கூப்பிடாமலே வந்து கதை சொல்வார்கள். எண்பதைத் தாண்டியவர், உடம்பு முடியாதவர், மகன் வீட்டுக்கு பெங்களூருக்கோ சென்னைக்கோ குடிபோகப் போகிறவர் — இவர்கள்தான் முதலில். எங்கள் பட்டியலில் மூன்றாவதாக இருந்த ஒரு பெரியவரிடம், பொங்கல் கழித்து வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். தை பிறந்தது, அவர் இல்லை. பிறகு அவர் மனைவிதான் ஆர்.சி. புக்கையும் எண்ணெய் ஊறிய டூல்ஸ் பையையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். மலரில் வந்த அவர் கதை அந்த அம்மா சொன்னது. நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது.

குறைந்தது ஆறு மாத அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு மாதத்துக்குள் சித்திரை, வைகாசி வராமல் பார்த்துக்கொண்டால் நல்லது. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது டிகிரி தாண்டிய மதியத்தில் தகரக் கொட்டகைக்குள் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் எதையும் நினைவுகூர மாட்டார்கள். காலை ஏழிலிருந்து ஒன்பது, அல்லது மாலை ஐந்துக்கு மேல்.

உறுப்பினர் அல்லாதவர்களுக்குத் தனியாக ஒரு தாள் போடுங்கள். என் அனுபவத்தில் மலரின் பாதி உயிர் அந்தத் தாளில்தான் இருக்கிறது. முதலில் மெக்கானிக். சங்கத்தில் சந்தா கட்டாதவர், ஆனால் எல்லா வண்டியின் வயிற்றையும் பார்த்தவர். எந்த வண்டியை யார் யாரிடம் என்ன விலைக்குத் தள்ளினார், எதில் எந்த வண்டியின் கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அப்புறம் மனைவிமார். முப்பது வருடம் பின் சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து போனவருக்கு, ஓட்டினவருக்குத் தெரியாத கதை தெரியும். எங்கள் உறுப்பினர் ஒருவர் தன் லாம்பிரட்டா ஸ்கூட்டர் ஒரு நாளும் நடுவழியில் நின்றதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து காபி கொண்டுவந்த அம்மா, "பள்ளிகொண்டாவுல நின்னுச்சே, நான்தானே தள்ளினேன்" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்தார். அதற்கப்புறம் பேட்டி அவரோடுதான் நடந்தது. நம்பர் பிளேட் எழுதிய பெயின்டர், சீட்டுக்கு ரெக்ஸின் தைத்தவர் — கிடைத்தால் விடாதீர்கள்.

போவதற்கு முன் கொஞ்சம் படித்துக்கொள்ளுங்கள்

வண்டி தெரியாமல் போய் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். பிறகு உங்களிடம் பள்ளிக்கூடப் பையனிடம் பேசுகிற மாதிரி பேசுவார். பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பிராண்டுக்கு ஐந்து வரி போதும். எங்கள் பக்கத்தில் அதிகம் இருப்பவற்றுக்கு நான் குறித்து வைத்துக்கொண்டது இது: ஜாவா மைசூரில் ஐடியல் ஜாவா ஆலையில் 1961 முதல் வந்தது, 1973 முதல் அதே ஆலையின் வண்டிக்கு யெஸ்டி என்று பெயர், 1996-இல் ஆலை மூடப்பட்டது. என்ஃபீல்டு புல்லட் 1955-இலிருந்து சென்னை திருவொற்றியூரோடு சேர்ந்தது. பஜாஜ் சேத்தக் 1972-இல் வந்தது; பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த தலைமுறை அதனுடையது. யமஹா ஆர்.எக்ஸ். 100, 1985 முதல் 1996 வரை.

இந்த ஐந்து வரி இன்னொன்றுக்கும் உதவும். "அறுபத்தெட்டுல யெஸ்டி எடுத்தேன்" என்று ஒருவர் சொன்னால் ஏதோ ஒன்று இடிக்கிறது என்று தெரியும். வண்டி ஜாவாவாக இருக்க வேண்டும், அல்லது வருடம் பிசகியிருக்க வேண்டும். அங்கேயே திருத்திவிடாதீர்கள். "இல்லீங்க ஐயா, அப்போ யெஸ்டி வரலையே" என்று நீங்கள் சொன்ன நொடியில் அது பேட்டி இல்லை, பரீட்சை. தாளின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு மேலே போங்கள். கடைசியில் ஆர்.சி. புக்கை வாங்கிப் பார்த்தால் விடை அதில் இருக்கும்.

என்ன கேட்பது

"உங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாத பயணம் எது?" — இதைக் கேட்கவே கேட்காதீர்கள். கேட்டதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, மேடையில் பேசுகிற தமிழில் ஏதாவது சொல்வார். அதில் ஒரு வரிகூடத் தேறாது.

வீட்டுக்குள் உட்காராதீர்கள். வண்டி நிற்கிற இடத்துக்குப் போங்கள். "இதை எப்படி ஸ்டார்ட் பண்ணுவீங்க, காட்டுங்க" என்று கேளுங்கள். வாய் மறந்ததைக் கால் மறப்பதில்லை. பழைய புல்லட்காரர் சாவியைப் போட்டதும் கிக்கரை மெதுவாக மிதித்து ஆம்பியர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்ப்பார், இன்ஜினுக்குள் அழுத்தத்தைக் குறைக்கிற டிகம்ப்ரஸர் லிவரைப் பிடிப்பார், விடுவார், பிறகுதான் உதைப்பார். ஜாவாக்காரர் கியர் போடுகிற அதே லிவரை அப்படியே பின்னால் திருப்பி கிக்கராக்கி உதைத்துக் காட்டுவார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுக்காது. ஸ்கூட்டர்காரர் உதைப்பதற்கு முன் வண்டியைத் தன் பக்கம் ஒருமுறை சாய்ப்பார். ஏன் சாய்க்கிறார் என்று கேளுங்கள். பெட்ரோல் கார்புரேட்டருக்கு இறங்க என்பார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேளுங்கள். அங்கேதான் கதை இருக்கிறது. எனக்கு வந்தது இப்படி:

"யாரு ஐயா சொல்லிக் குடுத்தது?"

"எங்க நைனாதான். அவருக்கு ஓட்டத் தெரியாது. பின்னாடி உக்காந்துட்டு வருவாரு."

"ஓட்டத் தெரியாதவரு எப்படிச் சொல்லிக் குடுத்தாரு?"

"அவரு தோல் ஷாப்புல வேலை. மொதலாளி வண்டிய தினம் தொடைப்பாரு. மொதலாளி சாய்க்கிறத பாத்துருக்காரு. நான் வண்டி எடுத்த அன்னிக்கு ஸ்டார்ட் ஆகல. கூட்டம் கூடிடுச்சு. இவரு மெதுவா வந்து, 'சாய்டா'ன்னாரு. அவ்ளோதான்."

இருபது வருடம் முதலாளியின் ஸ்கூட்டரைத் துடைத்த அப்பா, மகன் வாங்கிய ஸ்கூட்டருக்குச் சொன்ன ஒரே வார்த்தை அது. "உங்கள் தந்தையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று நான் கேட்டிருந்தால், "நல்ல மனுஷன், கஷ்டப்பட்டு வளர்த்தாரு" என்பதோடு முடிந்திருக்கும்.

ஸ்டார்ட் ஆன பிறகு கேட்க வேண்டியவை தானாகவே வரிசையில் வரும். என்ன விலை? பணம் யார் கொடுத்தது — சீட்டு எடுத்ததா, நகை வைத்ததா, ஆபீஸ் லோனா? பின் சீட்டில் முதலில் யார் உட்கார்ந்தது? பூஜை எந்தக் கோயிலில் போட்டீர்கள்? முதல் தூரப் பயணம் எங்கே? எங்கே நின்றுபோனது, எதை வைத்துச் சரி செய்தீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வி ஒரு புதையல். தீப்பெட்டியின் மருந்துப் பட்டையில், இன்ஜினின் தீப்பொறிக்கான பாயின்டைத் தேய்த்துக்கொண்டு ஒடுகத்தூரிலிருந்து வீடு வந்து சேர்ந்தவர் ஒருவர், அது குடியாத்தம் தீப்பெட்டி என்பதையும் சேர்த்துச் சொன்னார். அப்புறம் ஒன்று: இந்த வண்டியை எப்போதாவது விற்றீர்களா, அல்லது விற்க நினைத்தீர்களா? பெரும்பாலும் இதற்குப் பதில் உடனே வராது. பேச்சு நின்றால் நீங்கள் அதை நிரப்பாதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். எனக்குக் கிடைத்த நல்ல கதைகளில் பல எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் வந்தவை.

வருடத்தைப் பிடிப்பது

யாருக்கும் வருடம் நினைவிருப்பதில்லை. "அது ஆச்சு, ஒரு முப்பது நாப்பது வருஷம்" என்பார்கள். வருடத்தைக் கேட்காமல் பக்கத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். எம்.ஜி.ஆர். இறந்தபோது வண்டி இருந்ததா? அது 1987 டிசம்பர் 24. பஸ் ஓடாத அந்த நாளில் பைக் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் ஒரு கதை உண்டு. பிரசவ வலி எடுத்த பக்கத்து வீட்டுப் பெண்ணை யெஸ்டியில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் அவள் அம்மா பிடித்துக்கொள்ள, காட்பாடியிலிருந்து சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் எங்கள் சங்கத்தில் இருக்கிறார். இந்திரா காந்தி சுடப்பட்டது 1984 அக்டோபர் 31. எங்கள் ஜில்லா பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனது 1989. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் போனது 2019. பாலாற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போனது 2021 நவம்பர். கல்யாணத்துக்கு முன்னாடியா பின்னாடியா, மூத்தவள் பிறந்துவிட்டாளா என்று இவற்றோடு முடிச்சுப் போட்டால் ஒரு வருடம் முன்னே பின்னே வந்து நிற்கலாம்.

காகிதங்களும் பேசும். நம்பர் வேலூருக்கான டி.என். 23 என்று தொடங்கினால் அந்தப் பதிவு 1989-க்குப் பிந்தியது. மூன்று எழுத்தும் இலக்கங்களும் மட்டும் இருந்தால் அதற்கு முந்தியது. பழைய ரசீதிலோ கடிதத்திலோ பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிறகு எழுதப்பட்டது, ஏனென்றால் பின்கோடே அப்போதுதான் வந்தது. நயா பைசா என்று அச்சிட்டிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில் அச்சான தாளாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்பீடோமீட்டர் மைல் கணக்கில் இருக்கிறதா என்றும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

ஆர்.சி. புக்கை நீங்கள் கையில் எடுத்ததும் ஒரு கேள்வி உங்கள் பக்கம் திரும்பி வரும்: "தம்பி, இந்த வின்டேஜ் நம்பர் எடுக்கலாமா?" தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு ஆகி 50 வருடம் தாண்டி, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டி வின்டேஜ். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், 'வி.ஏ.' வரிசையில் எண் தருவார்கள். அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க — இவ்வளவுதான். இதைச் சொன்னதும் எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் புக்கைத் திரும்ப வாங்கி பீரோவுக்குள் வைத்துவிட்டார்கள். மார்க்கெட்டுக்குப் போக முடியாத வண்டி அவர்களுக்கு எதற்கு?

பதிவு செய்வது

செல்போனே போதும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள், இல்லையென்றால் நல்ல இடத்தில் யாராவது போன் செய்வார்கள். மேசைமேல் வைக்காதீர்கள், டம்ளர் வைக்கிற சத்தம் இடி மாதிரி விழும். மடித்த துண்டின் மேல் வையுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள். குக்கர் விசில் ஒன்றும் செய்ய முடியாது, அது வரட்டும். இன்ஜின் ஓடும் சத்தத்தைத் தனியாக ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். பேச்சோடு கலந்தால் இரண்டும் வீண். பதிவின் தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர், வண்டி எண் நான்கையும் உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். "இது மலருக்காகப் பதிவு செய்கிறோம், உங்களிடம் படித்துக் காட்டாமல் அச்சுக்குப் போகாது" என்றும் சொல்லி, அவர் சரி என்பதும் பதிவில் இருக்கட்டும்.

அன்று ராத்திரியே இன்னொரு இடத்தில் பிரதி எடுங்கள். என் போன் ஒரு மழை நாளில் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டுக் குழியில் விழுந்தது. மூன்று பேட்டி போயிற்று. இரண்டு பேர் திரும்பச் சொன்னார்கள். இரண்டாவது முறை சொல்லும்போது கதை வழவழவென்று இருந்தது, உயிர் இல்லை. மூன்றாமவர், "சொன்னதுதான்பா, போ" என்று விட்டார்.

ஒரே பயணத்துக்குப் போன இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வைக்கலாமா என்று கேட்பீர்கள். முதலில் தனித்தனியாக. ஏலகிரிக்கு ஏறும்போது கிளட்ச் ஒயர் அறுந்தது ஒன்பதாவது வளைவிலா பதினொன்றாவதிலா என்று எங்கள் ஆட்கள் இரண்டு பேருக்கு இன்றுவரை தகராறு. பதினான்கு வளைவுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், இவர்களுக்கோ எண்தான். எது சரி என்று நான் தேடவில்லை. இரண்டு கதையையும் எதிரெதிர்ப் பக்கத்தில் போட்டேன். மலரில் எல்லோரும் முதலில் திருப்பியது அந்தப் பக்கம்தான்.

எழுதுவது

ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத எனக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. குரல் தட்டச்சை நம்பி உட்கார்ந்தால் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் அது வேலூர்ப் பேச்சைப் புரிந்துகொள்கிற லட்சணம் தனி: "டிகம்ப்ரஸர்" எனக்கு "தீ கம்பு ரசம்" என்று வந்தது. முழுவதையும் எழுத வேண்டியதில்லை. ஒருமுறை கேட்டு, எந்த நிமிடத்தில் என்ன வருகிறது என்று குறித்துக்கொண்டு, தேவையான பகுதியை மட்டும் எழுத்துக்கு மாற்றுங்கள். ஆளுக்கு அச்சில் ஒன்றரைப் பக்கம். நீட்டினால் படிக்க மாட்டார்கள்.

மொழியில் கை வைக்கும்போது நிதானம் வேண்டும். நான் எழுதிய முதல் கதையில் "நைனா" என்று வந்த இடங்களையெல்லாம் "தந்தையார்" என்று மாற்றி, "இன்னா" என்பதை "என்ன" ஆக்கி, நன்றாகத் துடைத்து எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினேன். பெரியவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்லாருக்குது. யாரு கதை இது?" என்றார். அன்றிலிருந்து ஒரு முறை வைத்துக்கொண்டேன்: சொல்கிற கதை எழுத்துத் தமிழில், யாராவது வாய் திறந்தால் அது அவர்கள் வாயில் வந்தபடி. நைனா நைனாவாகவே இருக்கட்டும். அதற்காக ஒவ்வொரு சொல்லையும் கொச்சையாக எழுதிப் பக்கத்தை முள்காடாக்கவும் வேண்டாம். படிக்கிறவருக்கு அவர் குரல் கேட்டால் போதும்.

நம்ம ஊரில் இன்னொன்றும் உண்டு. வீட்டுக்குள் உருது பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய. தமிழில் நன்றாகத்தான் பேசுவார்கள், ஆனால் கோபமும் சிரிப்பும் வருகிற இடத்தில் அந்த மொழிக்குத் தாவிவிடுவார்கள். பேரணாம்பட்டில் ஒரு பாய் தன் ராஜ்தூத் பைக்கைத் திட்டியது முழுக்க உருதுவில். நான் சும்மா சிரித்துவைத்தேன். பிறகு அவர் பேத்தியை உட்கார வைத்து வரி வரியாகக் கேட்டு எழுதினோம்; பாதியை அவள் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். அந்த மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முடிந்தால் அந்த வீட்டு இளைய தலைமுறையாக இருக்கட்டும். அவர்களும் அந்தக் கதையை முதல்முறையாகக் கேட்பார்கள்.

கையைச் சுடும் கதைகள்

வண்டிக் கதைதானே, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் நான் போனேன். மூன்றாவது வீட்டிலேயே விஷயம் வேறாகிவிட்டது.

அந்தக் கால ஸ்கூட்டர்களில் கணிசமானவை மாமனார் வாங்கிக் கொடுத்தவை. கணவர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். பக்கத்தில் நிற்கிற மனைவியின் முகத்தைப் பாருங்கள். ஒரு வீட்டில் அந்த அம்மா, "எங்கப்பா அதுக்கு வாங்குன கடன அடைக்க ஏழு வருஷம் ஆச்சு" என்று மட்டும் சொன்னார். அதை மலரில் போடலாமா? அவர்கள் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டேன். அவர் வேண்டாம் என்றார், அந்த அம்மா போடு என்றார். கடைசியில் அந்த அம்மா சொன்ன வாக்கியத்தை மட்டும், பெயரில்லாமல், எந்த வண்டி என்று தெரியாதபடி வேறொரு பக்கத்தில் போட்டோம். நான் செய்தது சரியா என்று இன்னும் எனக்குச் சந்தேகம் உண்டு.

இன்னொருவர், வண்டி வாங்கிய புதிதில் தன் ஊரின் ஒரு தெரு வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்ததைச் சொன்னார். அந்தத் தெருவில் அவர் சாதிக்காரர்கள் வண்டியில் உட்கார்ந்து போகக் கூடாது. இன்ஜினை அணைக்க மாட்டாராம். "இறங்கித் தள்ளுவேன், ஆனா சத்தம் மட்டும் போய்க்கிட்டே இருக்கும்" என்றார். ஊர்ப் பெயரோடு போடச் சொன்னார். குழுவில் இரண்டு பேர், விழா மலரில் இது எதற்கு என்று முனகினார்கள். சொன்னவர் போடச் சொல்கிறார், அவருடைய வண்டி, அவருடைய கதை, நானும் விடவில்லை. ஊர்ப் பெயரோடுதான் வந்தது. ஒரு கதையை எடுத்துவிடச் சொல்லும் உரிமை அதைச் சொன்னவருக்கு உண்டு, அதில் வரும் தனி மனிதருக்கு ஓரளவு உண்டு. குழுவுக்குச் சங்கடமாக இருக்கிறது என்பது ஒரு காரணமே இல்லை.

விபத்துக் கதைகளில் இறந்தவரின் வீட்டாரைக் கேட்காமல் எதையும் அச்சிடாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் பத்து வருடம் ஓட்டிய வீரசாகசங்களைப் பெயர் இல்லாமல் போட்டுக்கொள்ளலாம்.

படமும் காகிதமும்

போட்டோவை வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள். அங்கேயே ஜன்னல் பக்கம் வைத்து, நேர் வெயில் படாமல், போனைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து எடுங்கள். அட்டைப்படத்துக்குப் போகிற மாதிரி நல்ல படம் என்றால் மட்டும் ஸ்கேன், 600 டி.பி.ஐ.யில். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு எடுங்கள். பின்பக்கம் பெயர் எழுத வேண்டுமென்றால் பென்சிலில் மெல்ல எழுதுங்கள். பால்பேனா முன்பக்கம் தடமாகத் தெரியும். ஒரு உறுப்பினரின் கல்யாண ஊர்வலப் படத்தை, புல்லட்டில் மாப்பிள்ளைக் கோலத்தில் அவர் உட்கார்ந்திருப்பது, ஸ்கேன் செய்ய ஒரு கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். கடை இடம் மாறியபோது படம் காணாமல் போனது. நெகட்டிவ்வும் இல்லை. அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

படத்தில் இருக்கும் எல்லோர் பெயரையும் இடமிருந்து வலமாக அங்கேயே எழுதி வாங்குங்கள். பின்னணியில் தெரியும் கடைப் பலகை, சினிமா போஸ்டர் இவற்றையும் விடாதீர்கள். போஸ்டரில் இருக்கும் படம் எந்த வருடம் வந்தது என்று தெரிந்தால் போட்டோவின் வருடமும் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும்.

அச்சுக்குப் போகும்போது

இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெம்மி அளவில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். அதனால் 96, 112, 128 என்று போனால் காகிதம் வீணாகாது. டி.டி.பி. கடைக்கு யூனிகோடில் கொடுத்தால், சில இடங்களில் பாமினி மாதிரி பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி உட்காரும், ஆகவே மாற்றிய பிறகுதான் மெய்ப்புப் பார்க்க வேண்டும், அதற்கு முன் பார்த்தது கணக்கில் இல்லை. மெய்ப்பில் பெயரையும் வண்டி எண்ணையும் தனியாக ஒருமுறை பாருங்கள். சந்திப்பிழையை மன்னிப்பார்கள். நம்பரில் ஒரு இலக்கம் மாறினால் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார்கள்.

அச்சுக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு கதையையும் சொன்னவரிடம் நேரில் போய் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கையில் தாளைக் கொடுத்தால் "நல்லாருக்குது" என்று மடித்து வைத்துவிடுவார். படித்துக் காட்டினால்தான், "ந்தா, நிறுத்து, அன்னிக்கு மழை இல்ல, பனி" என்பார்.

விழாவில் மலரை யார் வெளியிடுவது, யார் முதல் பிரதி வாங்குவது என்பதில் பெரிய அரசியல் நடக்கும், அதில் தலையிடாதீர்கள். ஆனால் முந்தின நாளே ஐந்து பிரதி தனியாக எடுத்துவைத்துக்கொண்டு, மேடைக்கு வர முடியாதவர்கள் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். நாங்கள் போனபோது மெக்கானிக் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். கை முழுக்க கிரீஸ், அதனால் தொடமாட்டேன் என்று சொல்லி, பக்கத்தில் இருந்த பையனைப் பக்கம் பக்கமாகத் திருப்பச் சொல்லிப் பார்த்தார். தன் பக்கம் வந்ததும், "எழுபத்தெட்டு மாடல்னு போட்டுருக்குது, அது எழுபத்தொம்போது" என்றார். புதுப் பிரதியிலேயே பேனாவால் திருத்தி அவரிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.